வேலைநிறுத்தமும் சில்லறைக் கடையும்

பொதுத்துறையில் வேலைநிறுத்தம் என்றால் ஊழியர், அரசு என்ற இரண்டு தரப்பைத்தான் நாம் பார்க்கிறோம். எந்தக் கோரிக்கையும் வைக்காத மூன்றாவது தரப்பு ஒன்று உண்டு. அவர் நம் தெருமுனைக் கடைக்காரர். ரயில்வேயில் பொறியாளனாக இருந்து ஓய்வு பெற்ற நான், அவருக்கு நேரும் பாதிப்பைப் பற்றி இங்கே விளக்க முயல்கிறேன்.

ஒரு கடைக்குச் சரக்கு வரவேண்டும், ஆள் வரவேண்டும், பணம் வரவேண்டும். இம்மூன்றில் எது அடைபடுகிறது என்பதைப் பொறுத்தே பாதிப்பு அமையும்.

1. சரக்கு

1974 மே 8 முதல் 27 வரை நடந்த ரயில்வே வேலைநிறுத்தத்தில் சுமார் 17 லட்சம் தொழிலாளர் பங்கேற்றனர் என்பது கணக்கு. லாரிகள் ஓடத்தான் செய்தன. ஆனால் அந்நாளைய நாலு சக்கர வேகன் ஒன்றின் சரக்குக்கு இரண்டு, மூன்று லாரிகள் வேண்டும். கூடுதல் வாடகை கடைசியில் பருப்பு விலையில்தான் ஏறும். வேலைநிறுத்தம் முடிந்த மறுநாளே கடைக்குச் சரக்கு வந்துவிடாது. யார்டுகளில் தேங்கிய வேகன்களைப் பிரித்து, கோத்து, அனுப்பப் பல நாளாகும்.

2. ஆள்

2019 ஜனவரி 8 முதல் 16 வரை மும்பையில் பெஸ்ட் ஊழியர் வேலைநிறுத்தம். கடைகளுக்குச் சரக்கு வரத் தடையில்லை. பஸ்ஸில் வரும் வாடிக்கையாளர்தான் வரவில்லை. இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். இன்று விற்காத புடவை அடுத்த வாரம் விற்கும். அது தள்ளிப்போன விற்பனை. இன்று குடிக்காத டீயை யாரும் அடுத்த வாரம் சேர்த்துக் குடிப்பதில்லை. அது இழந்த விற்பனை. ஆகவே ஜவுளிக்கடையைவிட, பஸ் நிறுத்தத்து டீக்கடைக்கும் பூக்காரிக்கும்தான் அடி பலம்.

3. பணம்

2021 மார்ச் 15, 16 தேதிகளில் வங்கி ஊழியர் வேலைநிறுத்தம். 13 இரண்டாம் சனிக்கிழமை, 14 ஞாயிறு. ஆக, பொதுத்துறை வங்கிக் கிளைகளில் தொடர்ந்து 4 நாள் வேலை நடக்கவில்லை. கைபேசி வழியே பணம் செலுத்தும் வசதி இருந்ததால் சில்லறை விற்பனை தப்பியது. ஆனால் காசோலையை நம்பிய கொடுக்கல் வாங்கல் தாமதப்பட்டது.

கடன் நோட்டு

வேலைநிறுத்த நாளுக்குச் சம்பளம் இல்லை. 1974ஐக் கண்ட மூத்த ஊழியர்கள், நான் பணியில் சேர்ந்த காலத்தில் அடிக்கடி ஒன்று சொல்வார்கள்: அப்போது வீட்டில் உலை கொதித்தது காலனி மளிகைக்காரர் கொடுத்த கடனால்தான். அவருடைய கடன் நோட்டுதான் உண்மையான வேலைநிறுத்த நிதி! அவருக்கோ மொத்த வியாபாரியின் பாக்கி தலைக்கு மேல் நிற்கும். ரயில்வே ஊழியர் கேட்ட போனஸ் 1979இல் கிடைத்தது. கடைக்காரரின் நஷ்டத்தை யாரும் ஈடுகட்டவில்லை.

செய்யக்கூடியவை

ரயில் போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளில் 14 நாள் முன்னறிவிப்பு தேவை என்று 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டமே விதித்தது. 2020ஆம் ஆண்டுத் தொழிலுறவுத் தொகுப்பு இதைத் தொழில் நிறுவனங்கள் அனைத்துக்கும் விரித்தது. இந்த 14 நாளைக் கடைக்காரர் பயன்படுத்திக் கொள்ளலாம். அரிசி, பருப்பு போன்றவற்றை முன்னதாகவே வாங்கி வைக்கலாம். அழுகும் பொருளைக் குறைக்கலாம். காசோலைகளை முன்கூட்டியே வங்கியில் போட்டுவிடலாம்.

வேலைநிறுத்தம் தொழிலாளியின் உரிமை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேலைக்குத் திரும்பியபின் வரும் முதல் சம்பளத்தில், முதல் செலவு மளிகைக் கடன் நோட்டில் நம் பெயரை அடிப்பதாக இருக்கட்டும்.