இருபொறியும் ஒரு கம்பியும்

இக்காலத்து மாணாக்கர் தம் கைப்பேசியில் ஒரு செய்தியை எழுதி அனுப்பிய அளவிலே, அது கடல் கடந்த நண்பரிடம் சென்று சேர்வதை நாள்தோறும் காண்கின்றனர். ஆயினும், செய்தி சேர்ந்துவிட்டதென்பதை அனுப்பிய கருவி எங்ஙனம் அறிந்தது என்று வினவுவோர் மிகச் சிலரே. பெரியதொரு தொழிலின் உள்முறையை அறியவேண்டுமாயின், அது சிறியதாயிருந்த காலத்துக்குச் சென்று நோக்குதலே எளிய வழியாகும். ஆதலின், நாற்பது ஆண்டுகட்கு முந்திய வீட்டுக் கணிப்பொறிகள் இரண்டினைச் சிறு செலவில் ஒரு கம்பியால் இணைக்கும் முறையையும், அவ்விணைப்பு நமக்குப் புகட்டும் பாடத்தையும் ஈண்டு ஆராய்வோம்.

நாம் எடுத்துக்கொள்ளும் பொறி பி.பி.சி. மைக்ரோ என்பது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்து ஏகார்ன் நிறுவனத்தார் 1981-ஆம் ஆண்டின் இறுதியில் இதனை வெளியிட்டனர். நம் நாட்டுக்கும் இஃது அயலதன்று. நடுவண் அரசினர் 1984-85-ஆம் ஆண்டில் ‘கிளாஸ்’ என்னும் கணிப்பொறிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது, ஏறத்தாழ 250 பள்ளிகளில் இப்பொறியையே வைத்துக் கற்பித்தனர். இதன் ‘பி’ வகையின் நினைவகம் 32 கிலோபைட் மட்டுமே. இக்காலத்து ஒளிப்படம் ஒன்றினைத் தாங்கவும் அது போதாது. எனினும், உள்ளே நடப்பதை மறைக்காமல் காட்டும் நற்குணம் இதற்கு உண்டு. அக்குணமே நமக்கு வேண்டுவது.

செயலில் இறங்குமுன் ஓர் எச்சரிக்கை கூறுவோம். பழைய பொறியைக் கண்டவுடன் மின்சாரத்தில் மாட்டுதல் தகாது. இதன் மின்வழங்கும் பெட்டியிலுள்ள சில மின்தேக்கிகளின் மேலுறை காலப்போக்கில் விரிசல் விடும். அவ்விரிசல் வழியே காற்றின் ஈரம் உட்புகும். பின்னர் மின்சாரம் பாய்ந்தவுடன் அவை வெடித்துப் புகையும். ஈரக்காற்று ஓயாது வீசும் மாமல்லபுரக் கரையோரத்தில் இவ்வச்சம் பெரிது. அப்பெட்டியைத் தொழிலறிந்த ஒருவரே திறந்து, பழைய மின்தேக்கிகளை மாற்றுதல் வேண்டும். உப்புக்காற்றால் செருகுமுனைகளில் ஏறிய களிம்பையும் துடைத்தல் வேண்டும். இரு பொறிகளையும் ஒரே நிலத்தொடர்புடைய மின்வாயில்களில் மாட்டுவதே பாதுகாப்பு.

இனி, கம்பியைப் பற்றிக் கூறுவோம். பொறியின் பின்புறத்தில் தொடர்முறைச் செய்திக்கென ஒரு செருகுவாய் உண்டு. அதன் ஐந்து துளைகளும் பகடைக்காயின் ஐந்தாம் முகத்துப் புள்ளிகளைப்போல் அமைந்தவை. நமக்கு வேண்டுவன அதற்கேற்ற இரு செருகிகள், ஐந்து இழையுள்ள கம்பி சில மீட்டர், பற்றவைக்கச் சிறிது ஈயம் ஆகிய இவையே. ஒரு பொறியின் வாய் மற்றதன் செவியோடு சேரவேண்டும். அதாவது, முதற்பொறியின் செய்தி வெளிவரும் முனையை இரண்டாவதன் செய்தி உட்புகும் முனையோடும், இரண்டாவதன் வெளிமுனையை முதலதன் உள்முனையோடும் குறுக்காக இணைத்தல் வேண்டும். ‘அனுப்பலாம்’ என்று அறிவிக்கும் முனையை, எதிர்ப்பொறியில் அவ்வறிவிப்பைக் கேட்கும் முனையோடு அவ்வாறே குறுக்காக இணைக்கவேண்டும். ஐந்தாவது, இரண்டிற்கும் பொதுவான சுழி மின்னழுத்த இழை. செருகி பகடைமுகம் போன்றதாகலின் தலைகீழாகவும் உட்செல்லும். மேற்பக்கத்தில் வண்ணப்புள்ளி ஒன்று இட்டுவைப்பது பின்னர் நேரும் மயக்கத்தைத் தவிர்க்கும்.

கம்பி முடிந்தது, ஆனால் இணைப்பு முடிந்ததா? இல்லை. இங்கேதான் பாடம் தொடங்குகின்றது.

முதலாவது, வேகத்தில் ஒற்றுமை வேண்டும். நட்சத்திரக்குறியோடு எஃப்.எக்ஸ். 7 என்னும் கட்டளை பொறி கேட்கும் வேகத்தையும், எஃப்.எக்ஸ். 8 என்பது அது பேசும் வேகத்தையும் வரையறுக்கும். ஓர் எழுத்துக்குத் தொடக்கக்குறி, எட்டுத் துணுக்குகள், முடிவுக்குறி எனப் பத்துத் துடிப்புகள் ஆகும். வினாடிக்கு 9600 துடிப்பு வேகத்தில் 960 எழுத்துகளும், 300 துடிப்பு வேகத்தில் 30 எழுத்துகளும் செல்லும். எனவே 32 கிலோபைட் செய்தி முன்னதில் ஏறத்தாழ 34 வினாடியிலும், பின்னதில் 18 நிமிடத்திலும் போய்ச் சேரும். எஃப்.எக்ஸ். 3,1 என்னும் கட்டளையால் முதற்பொறி தன் சொற்களைத் திரையோடு கம்பியிலும் விடும்; எஃப்.எக்ஸ். 2,1 என்பதால் இரண்டாவது பொறி தன் விசைப்பலகையை விட்டுக் கம்பியைக் கேட்கும். அப்பொழுது முதற்பொறியில் தட்டிய எழுத்து, இரண்டாவதன் விசைகளில் ஒருவர் தட்டியதுபோலவே தோன்றும். முதன்முறை இதனைக் காணும் மாணாக்கர் அடையும் மகிழ்ச்சி சிறிதன்று.

இப்பொழுது வேண்டுமென்றே ஒரு பிழை செய்து பார்ப்போம். ஒன்றை 9600-லும் மற்றதை 300-லும் வைத்துச் செய்தியை அனுப்பினால், திரையில் பொருளற்ற குறிகள் கொட்டும். கம்பியில் குற்றமில்லை, பொறிகளிலும் குற்றமில்லை. பாபேல் கோபுரத்தில் செங்கல்லும் ஆட்களும் குறையவில்லை. ஒருவர் சொல் ஒருவருக்கு விளங்காமையாலேயே வேலை நின்றது. அவ்வரலாற்றின் சிறு வடிவத்தை நம் மேசைமீதே காண்கின்றோம்.

இரண்டாவது, கேட்பவரின் ஆற்றலறிந்து பேசுதல் வேண்டும். வரும் எழுத்துகளைத் தாங்கிவைக்க இப்பொறியில் 256 எழுத்துக் கொள்ளும் சிற்றிடம் ஒன்றே உண்டு. கேட்கும் பொறி வேறு வேலையில் ஈடுபட்டிருக்க, அவ்விடம் நிரம்புந் தறுவாயில், முன்சொன்ன அறிவிப்பு இழை ‘சற்றுப் பொறு’ என்று உணர்த்தும். பேசும் பொறி வாயடங்கி நிற்கும். அவ்விழையை இணையாது விட்டால் மிகுதி எழுத்துகள் நிரம்பிய குடத்தில் ஊற்றிய நீரெனச் சிந்திப்போகும்.

மூன்றாவதே எல்லாவற்றிலும் அருமையானது. அதனை விளக்க நம் ஊர்ப்புறத்தினின்றே இரண்டு எடுத்துக்காட்டுகள் தருவோம். மாமல்லபுரத்துக் குன்றில், மகிடாசுரமர்த்தினி குகைக்கு மேலுள்ள பழைய சிவன் கோயிலின் உச்சி முன்னொரு காலத்தில் கலங்கரை விளக்காகப் பயன்பட்டது. பின்னர் அதனருகே தனிக் கோபுரம் எழுந்தது. விளக்கு ஒளியை வீசும். மாலுமி கண்டானா, மூடுபனியில் காணாது போனானா என்பதை அது அறியாது. செங்கற்பட்டினின்று அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையின் வழக்கமோ வேறு. அது நெடுங்காலம் ஒற்றைத் தடமாயிருந்தது. ஒற்றைத் தடத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த நிலையத்தாரிடம் ‘லைன் கிளியர்’ கேட்பார். அவர் இசைவு தருவார். அதன் பின்னரே வண்டி புறப்படும். வண்டி முழுமையும் வந்து சேர்ந்ததென்று அங்கிருந்து செய்தி வரும். இந்நான்கும் முடிந்தபின்னரே அத்தடம் மற்றொரு வண்டிக்கு உரியதாகும்.

நாம் செய்த எளிய கம்பி கலங்கரை விளக்கைப் போன்றது. எழுத்து வழியிற் கெட்டதா என்பதை அது அனுப்பியவருக்குச் சொல்லாது. ஏகார்ன் நிறுவனத்தார் அமைத்து, இதே பொறிகளிலும் பயன்பட்ட ‘எக்கோநெட்’ என்னும் வலையமைப்போ இருப்புப்பாதையின் வழக்கத்தைக் கைக்கொண்டது. அதிலும் ஐந்து இழைகளே: செய்திக்கு ஓர் இணை, காலத்துடிப்புக்கு ஓர் இணை, பொதுவானது ஒன்று. ஒவ்வொரு பொறிக்கும் தனி எண் உண்டு. 254 நிலையங்கள் வரை ஒரே கம்பியில் அமரலாம். ஒரு பொறி பேச விரும்பினால், கம்பி ஓய்ந்திருக்கின்றதா என்று பார்த்து, முதலில் ஒரு தூதுக்குறியை அனுப்பும், உரியவர் ‘கேட்கின்றேன்’ என்பார், செய்தி செல்லும், ‘பெற்றேன்’ என்னும் மறுமொழி வரும். மறுமொழி வாராவிடின் பொறி மீண்டும் முயலும், அல்லது தோல்வியை வெளிப்படையாய் அறிவிக்கும். தட்டு இயக்கி பெருவிலை பெற்றிருந்த அந்நாளில், ஒன்றனை வாங்கி வகுப்பறை முழுவதும் பகிர்ந்துகொள்ளப் பள்ளிகளுக்கு இம்முறை உதவிற்று. கம்பி நீளின் காலத்துடிப்பைக் குறைக்கவேண்டும் என்னும் நுட்பத்தையும் மாணாக்கர் அதில் நேரிற் கண்டனர். 1974-ஆம் ஆண்டில் சர்ஃப், கான் என்னும் இருவர் வெளியிட்ட வழக்கத்தினின்று வளர்ந்த இன்றைய இணையமும் ‘பெற்றேன்’ என்னும் அவ்வொரு சொல்லையே நம்பி நிற்கின்றது.

இது வெறும் பொறிவிளையாட்டன்று. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலை 6.29 மணியளவில் சுமாத்திராவின் அருகே கடலடியில் நிலம் நடுங்கிற்று. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குப் பின்னரே பேரலை நம் கரையை அடைந்தது. மாமல்லபுரம், கல்பாக்கம் முதலிய இடங்களை அது தாக்கிய துயரத்தை இப்பக்கத்தார் மறவார். அவ்விரண்டு மணி நேரமும் தொலைபேசி இருந்தது, வானொலி இருந்தது, நடுக்கத்தை அறிந்த அறிவியலாரும் பல நாடுகளில் இருந்தனர். யார் யாருக்கு உரைப்பது, கேட்டவர் எவ்வாறு மறுமொழி தருவது, கரையிலிருப்போர் காதுக்கு அதனை யார் கொண்டுசெல்வது என்னும் ஏற்பாடு ஒன்றே இந்துமாக்கடலுக்கு இல்லாதிருந்தது. 2007-ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் பேரலை எச்சரிக்கை மையம் நிறுவப்பட்டது அக்குறையை நீக்கும்பொருட்டே. கம்பி இருப்பது ஒன்று. செய்தி சேர்வது வேறொன்று என்பதை இதனினும் தெளிவாய்க் காட்டவல்லது யாது?

ஆதலின், பழம்பொருளறையில் இத்தகைய பொறிகள் இரண்டு தூசி படிந்து கிடக்கக் காணும் நண்பர், அவற்றை எடைக்குப் போட விரையாதிருப்பாராக. சிறு செலவில் ஐந்து இழைகளைப் பற்றவைத்து, இளையோர் இருவரை எதிரெதிரே அமர்த்தி, ஒருவர் சொல்லை மற்றவர் பெறச் செய்வாராக. வேகத்தில் ஒத்திருத்தல், கேட்பவரின் ஆற்றலறிந்து பேசுதல், பெற்றதைப் பெற்றேனென்று கூறுதல் ஆகிய மூன்றும் பொறிகட்கு மட்டுமா உரியன? ஆசிரியரும் மாணாக்கரும், பழைய மாணவரும் புதியவரும் கூடி வாழும் கல்லூரிக்கும் அவை வேண்டற்பாலன என்பதே நம் கருத்து.