இரண்டாவது ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பதற்கு முன்

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் எடை மறுபடி ஏறினால் முதலில் வந்து ஒட்டிக்கொள்வது வெட்கம். "அவ்வளவு செலவு பண்ணியும் இப்படியா?" என்று உறவில் யாராவது கேட்டுவிடுவார்கள். அதற்குப் பயந்தே பலர் ஆபரேஷன் செய்த டாக்டரிடம்கூடத் திரும்பிப் போவதில்லை. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எனக்குச் செய்தது ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்கை நீக்கிவிட்டு, மிச்சத்தைக் குழாய்போல ஆக்கிவிடுவார்கள். 112 கிலோவிலிருந்து 74-க்கு இறங்கினேன். மூன்றாம் ஆண்டிலிருந்து மெல்ல ஏறி 91-இல் வந்து நின்றது. கூடவே நெஞ்செரிச்சல், இரவில் படுத்தால் தொண்டைவரை புளித்துக்கொண்டு வரும்.

எடை கொஞ்சம் திரும்புவது உடலின் இயல்பு. இளைத்த உடல் ஓய்வில் செலவழிக்கும் ஆற்றலைக் குறைத்துக்கொள்கிறது. பசியும் மெல்லத் திரும்புகிறது. சுவீடனில் 1987-இல் தொடங்கிய பெரிய ஆய்வில், இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு இணைக்கும் அறுவை) செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாக 32 சதவீத எடையை இழந்திருந்தார்கள். பத்தாம் ஆண்டில் அது 25 சதவீதம். கட்டுப்பாடு இல்லாதவர் என்று யாரையும் குற்றம் சொல்ல இதில் இடமே இல்லை.

நான் பார்த்த முதல் மருத்துவர் உடனே பைபாஸாக மாற்றிவிடலாம் என்றார். இரண்டாவது கருத்துக்குப் போனேன். அங்கே கேட்ட முதல் கேள்வியே, "பழைய ஆபரேஷன் நோட்ஸ் இருக்கா?" என்பதுதான். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. எப்படி வெட்டினார்கள், உதரவிதானத்தில் இறக்கம் (ஹெர்னியா) இருந்ததா, அதைச் சரிசெய்தார்களா என்பதெல்லாம் ஆபரேஷன் நோட்ஸில்தான் இருக்கும்.

பிறகு எண்டோஸ்கோபி, பேரியம் குடிக்கவைத்து எக்ஸ்ரே, தைராய்டு, சுகர், இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி. வேறு நோய்களுக்கு நான் சாப்பிடும் மாத்திரைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள் எடையை ஏற்றும். என் இரைப்பைக் குழாய் விரிந்திருக்கவில்லை. சிறிய இறக்கமும், உணவுக்குழாயின் கீழ்முனையில் லேசான புண்ணும் இருந்தன. அதே குழாயை இன்னும் குறுக்கினால் உள்ளே அழுத்தம் கூடி எரிச்சல் அதிகமாகும். அதனால் மறுபடி ஸ்லீவ் என்ற பேச்சு அங்கேயே முடிந்தது.

உணவுக் குறிப்பேட்டைப் பார்த்த டயட்டீஷியன் சொன்னது மறக்காது: "நீங்க நிறைய சாப்பிடல மேடம். வழுக்கிட்டு உள்ள போறதையே சாப்பிடறீங்க." குழைத்த ரசம் சாதம், சாம்பாரில் ஊறிய இட்லி, சர்க்கரை போட்ட காபி எல்லாம் சின்ன இரைப்பையில் தங்காமல் இறங்கிவிடும், வயிறு நிறைந்த உணர்வே வராது. முட்டை, மீன், சுண்டல், பனீர் தங்கும். புரதம் ஒரு நாளைக்கு 60 கிராமாவது வேண்டும். ஒரு முட்டையில் இருப்பது ஆறு கிராம்தான் என்பதை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சாப்பிட்ட கையோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி நேரம் பொறுப்பதும் உதவுகிறது.

பைபாஸ் அமில எரிச்சலுக்கு நல்ல தீர்வு. ஆனால் இரண்டாவது முறை என்பதால் உள்ளே திசுக்கள் ஒட்டியிருக்கும். கசிவு, ரத்தப்போக்கு அபாயம் முதல் முறையைவிடக் கூடுதல். எடை பெரும்பாலும் முதல் முறை அளவுக்கு இறங்காது. வைட்டமின் மாத்திரைகள் ஆயுள் முழுக்க. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் இணைப்பில் புண் உண்டாக்கும் என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். மூட்டுவலிக்காரர்கள் இதை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். இதுபோன்ற ரிவிஷன்கள் (மறு அறுவைகள்) எத்தனை செய்திருக்கிறீர்கள் என்று சர்ஜனிடம் நேரடியாகக் கேளுங்கள். நல்ல சர்ஜன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

காப்பீட்டை நம்பி இருப்பவர்கள் பாலிசியைப் படித்துவிடுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த பொது விதியில் உடல் பருமன் அறுவைக்கு பிஎம்ஐ 40 வேண்டும். அல்லது 35-உடன் கட்டுக்கடங்காத டைப் 2 சர்க்கரை, தூக்கத்தில் கடும் மூச்சுத்தடை போன்ற தீவிர நோய் வேண்டும். நெஞ்செரிச்சல் அந்தப் பட்டியலில் இல்லை. முன் அனுமதியை எழுத்தில் வாங்காமல் அட்மிட் ஆகாதீர்கள்.

எனக்கு இப்போது எடையைக் குறைக்க வாரம் ஒரு டிர்செபடைடு ஊசி. இந்தியாவில் இது 2025-இல்தான் விற்பனைக்கு வந்தது. செலவு அதிகம், ஆரம்பத்தில் குமட்டல் படுத்தியது. நிறுத்தினால் எடை திரும்பக்கூடும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். எடை 84-க்கு வந்திருக்கிறது. எரிச்சலுக்குத் தனி மாத்திரை. அடுத்த எண்டோஸ்கோபியில் புண் வளர்ந்திருந்தால் பைபாஸ் செய்துகொள்வேன், தயக்கமில்லாமல். எடைக்காக மட்டும் என்றால் இப்போதைக்கு வேண்டாம் என்பது என் முடிவு. உங்கள் எண்டோஸ்கோபி வேறு கதை சொல்லலாம், அப்போது முடிவும் வேறாகும்.

எடை திரும்பிவிட்டதே என்று ஒளிந்துகொண்டிருப்பவர்கள் இந்த வாரமே ஆபரேஷன் நோட்ஸைத் தேடி எடுங்கள், ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், டாக்டரைப் போய்ப் பாருங்கள். வைட்டமின் மாத்திரையை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்திவிடாதீர்கள்.