பயிர்க் கழிவிலிருந்து சக்தி

“பயிர்க் கழிவுகளைச் சக்தி மூலமாகப் பயன்படுத்துவதன் நன்மைகளை விளக்குக” என்று கேட்டால், “கழிவு குறையும், பணம் மீதமாகும், சூழல் மாசடையாது” என மூன்று வரி எழுதிவிட்டுப் பலர் அடுத்த வினாவுக்குப் போய்விடுகின்றனர். விடை பிழையன்று. ஆனால் எந்தக் கழிவு, எந்த முறை, எந்த இடம் என்பது அதில் இல்லை. மாணவர்களே, இப்பாடத்தில் அவற்றையே பார்ப்போம்.

தாவரம் ஒளித்தொகுப்பின்போது வளியிலுள்ள காபனீரொட்சைட்டை எடுத்து, சூரிய சக்தியை இரசாயன சக்தியாகச் சேமிக்கின்றது. இவ்வாறு உருவாகும் சேதனப் பொருளே உயிர்த்திணிவு எனப்படும். அதனை எரித்தால் அதே காபனீரொட்சைட்டு வெளியேறும். அடுத்த போகப் பயிர் அதை மீண்டும் எடுத்துக்கொள்ளும். நிலக்கரியிலோ பல கோடி ஆண்டுகளுக்கு முன் புதையுண்ட காபன் புதிதாக வளியில் சேர்கின்றது. உயிர்த்திணிவு புதுப்பிக்கத்தக்க சக்தி வளமாகக் கருதப்படுவது இதனாலேயே.

உலர்ந்த கழிவுக்கு நெல் உமி சிறந்த உதாரணம். நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு உமி. 2008ஆம் ஆண்டு டோக்கியோ சீமெந்து நிறுவனம் திருகோணமலையில் தொடங்கிய 10 மெகாவாற்று உயிர்த்திணிவு மின்நிலையம் உமியை எரிபொருளாகக் கொண்டது. உமி எரியும் வெப்பத்தால் கொதிகலனில் நீராவி உண்டாகும். நீராவி சுழலியைச் சுழற்றும். சுழலி மின்பிறப்பாக்கியை இயக்கும். உமி நிறை குறைந்தது, ஆனால் நிறைய இடம் பிடிப்பது. வெகுதூரம் லொறியில் ஏற்றினால் கிடைக்கும் இலாபத்தை டீசலே தின்றுவிடும். எனவே அரிசி ஆலைகளுக்குக் கிட்டிய இடமே அதற்குப் பொருத்தம்.

தலவாக்கலையில் நெல் இல்லை; இங்கு நமக்குள்ளது தேயிலையும் மரக்கறியும். மலைநாட்டில் நான்கு, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலையைக் கவ்வாத்து செய்வார்கள். அப்போது கிடைக்கும் மிலாறு ஏற்கெனவே லயன் வீடுகளின் எரிபொருள்தான். நம் தாய்மார் மலையிலிருந்து அதைத் தலையில் சுமந்து வருகின்றனர். 2022இல் சமையல் எரிவாயு கிடைக்காத நாட்களில் அடுப்பை எரிய வைத்ததும் அதுவே.

அப்படியானால் மிலாறு முழுவதையும் எரிக்கலாமா? கூடாது. கவ்வாத்து இலைகளும் சிறு குச்சிகளும் மலையில் கிடந்தால் சரிவில் மண்ணரிப்பு குறையும், உக்கிப் பசளையாகும். எரித்தால் அவற்றிலுள்ள நைதரசனின் பெரும்பகுதி வாயுவாகிப் போய்விடும். சாம்பலில் பொற்றாசியம் போன்ற கனியுப்புகளே எஞ்சும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது தோட்டங்கள் பட்ட பாட்டைக் கண்டவர்களுக்கு மண்ணிலுள்ள நைதரசனின் அருமை தெரியும். இலையும் மெல்லிய குச்சியும் மண்ணுக்கு, தடித்த மிலாறு அடுப்புக்கு என்பதே என் கருத்தில் நியாயமான பங்கீடு. அடுப்பும் புகைபோக்கியுள்ள திருத்திய அடுப்பாக இருக்க வேண்டும். மூன்று கல் அடுப்பில் வெப்பத்தின் பெரும்பகுதி வீணாவதுடன், புகை முழுவதும் சமைப்பவரின் நெஞ்சுக்குள் போகின்றது.

கோவா, லீக்ஸ், கரட் கழிவுகளின் கதை வேறு. கோவா இலையில் பத்தில் ஒன்பது பங்கு நீர். அதை எரிக்க முயன்றால் நீரை ஆவியாக்கவே வெப்பம் செலவாகிவிடும். இத்தகைய ஈரக் கழிவுக்கு உயிர்வாயு முறையே ஏற்றது. ஒட்சிசன் இல்லாத மூடிய தாங்கியில் பற்றீரியாக்கள் கழிவைப் பிரிகையடையச் செய்யும். வெளிவரும் வாயுவில் 50 முதல் 70 சதவீதம் வரை மெதேன். எஞ்சியதில் பெரும்பகுதி காபனீரொட்சைட்டு. மிலாறை எரிக்கும்போது இழக்கும் நைதரசன் இங்கே தாங்கியின் கழிவுக் கூழிலேயே தங்கிவிடும். வாயு அடுப்புக்கும் கூழ் தோட்டத்துக்கும் போகும். ஒரே கழிவு இருமுறை பயன்படுவதை விடையில் கட்டாயம் எழுதுங்கள்.

ஒரு தடையும் உண்டு. இப்பற்றீரியாக்கள் 35 பாகை செல்சியசு அளவில் நன்கு தொழிற்படும். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையோ ஏறத்தாழ 16 பாகைதான். ஆகவே யாழ்ப்பாணத்தில் விரைவாக வாயு தரும் தாங்கி இங்கு மெதுவாகவே தரும். தாங்கியைப் பெரிதாகக் கட்டி நிலத்துக்குள் புதைத்தல், கழிவுடன் மாட்டுச் சாணம் கலத்தல் என்பன இதற்குப் பரிகாரங்கள்.

பயிற்சி: உங்கள் தோட்டத்தில் அல்லது ஊரில் கிடைக்கும் இரண்டு பயிர்க் கழிவுகளைப் பெயரிடுக. ஒவ்வொன்றையும் எரித்தல், உயிர்வாயு, மண்ணில் விடுதல் ஆகியவற்றுள் எதற்குப் பயன்படுத்துவீர்கள் எனக் காரணத்துடன் எழுதுக.