முதலில் ஊசி, அப்புறம் ஆபரேஷன்

அன்புள்ள கும்மிடிப்பூண்டி சகோதரிக்கு,

"ஆபரேஷன் என்று சொன்ன டாக்டரே இப்போது முதலில் மூன்று கீமோ என்கிறார். கைவிட்டுவிட்டார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை அம்மா. கைவிட்ட ஆளுக்கு யாரும் ஆபரேஷன் பேச்சே எடுக்க மாட்டார்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்கு வந்திருப்பதுபோல் நுரையீரல் புற்றுக்கட்டி நிணநீர் முடிச்சு வரைக்கும் போயிருந்தால், ஸ்கேனுக்கு அகப்படாத அணுக்கள் உடம்பில் வேறெங்காவது ஒளிந்திருக்கலாம். கத்தி கட்டியை எடுக்கும், ஒளிந்திருப்பதைத் தேடாது. தேடுவது மருந்தின் வேலை. ஆபரேஷனுக்குப் பிறகு போடலாமே என்றால், நெஞ்சைத் திறந்து மூடிய உடம்பு பலருக்கும் முழு கீமோவைத் தாங்குவதில்லை. 2014-ல் 15 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். நேராக ஆபரேஷனுக்குப் போனவர்களில் ஐந்து வருஷம் கழித்து நூற்றுக்கு 40 பேர் இருந்தார்கள் என்றால், முதலில் கீமோ எடுத்தவர்களில் 45 பேர். சின்ன வித்தியாசம்தான், ஆனால் ஆள் கணக்கு. 2022-ல் வெளியான ஆய்வில் கீமோவோடு நிவோலுமாப் என்ற மருந்தையும் சேர்த்ததில், நூற்றுக்கு 24 பேருக்கு வெட்டியெடுத்த சதையில் உயிருள்ள புற்றணுவே இல்லை. வெறும் கீமோவில் 2 பேருக்குத்தான் அப்படி. விலை மலைக்க வைக்கும். எல்லாருக்கும் ஒத்துவரவும் செய்யாது. மரபணுப் பரிசோதனை பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். டாக்டரிடம் கேளுங்கள்.

ஆறு மாதம் டி.பி. மாத்திரை கொடுத்தே காலம் போனது என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ஊரில் இருமலும் சளியில் ரத்தமும் என்றால் முதலில் டி.பி.தான் நினைவுக்கு வரும். போனது போகட்டும், இனி ஒரு தவணையும் தள்ளிப்போக வேண்டாம்.

சிப்காட் உருக்காலையில் வேலை என்கிறீர்கள். ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் ஒழுங்காகக் கட்டியிருந்தால், புற்றுநோய் மாதிரி நீண்ட நோய்க்குக் கூலியில் 80 சதவீதம் கேட்டு வாங்கலாம். ஈ.எஸ்.ஐ. இல்லையென்றால், சிகிச்சைச் செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை.

மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவி ஒன்று தருவார்கள். எல்லாரும் அதை ஊதுவார்கள். ஊதக்கூடாது, உறிஞ்ச வேண்டும்; பந்து மேலே ஏறி நிற்க வேண்டும். ஆபரேஷனுக்கு முன்பே பழக்குங்கள். கீமோ முடிந்து வீட்டில் இருக்கும்போது காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால், ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். காலை ரயிலுக்குக் காத்திருக்காதீர்கள்.

பீடியை விட்டுவிட்டாரா? அதை மட்டும் நீங்கள் எழுதவில்லை.