வீடு வாங்கக் கற்றுத்தரும் குரல்கள்: எதைக் கேட்கலாம், எதைத் தள்ளிவைக்கலாம்

அமெரிக்காவில் வாடகை வீடு வாங்கிச் சொத்து சேர்ப்பது எப்படி என்று சொல்லித்தரும் பாட்காஸ்ட்டுகளுக்குப் பஞ்சமே இல்லை. எல்லாமே இலவசம். நியூ ஜெர்சியிலோ டாலஸிலோ தினமும் ஒரு மணி நேரம் கார் ஓட்டி அலுவலகம் போகிற தமிழர் ஒருவருக்கு, நண்பர் வாங்கிப்போட்ட, இரண்டு குடியிருப்புகள் கொண்ட டியூப்ளெக்ஸைப் பார்த்து ஆசை வந்துவிடுகிறது. தேடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே அவருக்குத் தலை சுற்றிவிடும். ஒருவர் கடனை அடைத்துவிட்டு நிம்மதியாக இரு என்கிறார். இன்னொருவர் கடன் வாங்காதவன் பணக்காரனாகவே மாட்டான் என்கிறார். இருவருமே சொந்தக் கணக்கைக் காட்டித்தான் பேசுகிறார்கள்.

'தலைசிறந்த பத்து' வகைப் பட்டியல்களால் இந்தக் குழப்பம் தீராது. நான் ஒரு நிகழ்ச்சியை எடைபோட முதலில் பார்ப்பது, அதை நடத்துகிறவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான். இந்தத் துறையில் பிக்கர்பாக்கெட்ஸ்தான் பெரிய வீடு. ஜோஷ் டார்கின் 2004இல் தொடங்கிய இணையதளம் அது. பாட்காஸ்ட் 2013இல் வந்தது. புத்தகம், உறுப்பினர் கட்டணம், விளம்பரம் என்று அவர்களுக்குப் பல வழிகளில் பணம் வருகிறது. குறிப்பிட்ட ஒரு வீட்டை உங்கள் தலையில் கட்ட வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. ஆனால் நீங்கள் 'வாங்கலாம்' என்ற மனநிலையிலேயே இருந்தாக வேண்டும். 'இந்த வருடம் வாங்காதே, சும்மா இரு' என்ற பேச்சை அங்கே அபூர்வமாகத்தான் கேட்க முடியும். கீத் வெயின்ஹோல்டின் கெட் ரிச் எஜுகேஷன் வேறு வகை. பழுது பார்த்து, வாடகைக்காரரையும் அமர்த்தி வெளியூர்க்காரர்களுக்கு வீடு விற்கும் நிறுவனங்களோடு கேட்பவர்களைச் சேர்த்துவைக்கும் ஏற்பாடு அவரிடம் உண்டு. நாள்தோறும் வெளிவந்து பேர் வாங்கிய பெஸ்ட் எவர் நிகழ்ச்சியின் ஜோ ஃபேர்லெஸ், பலரிடம் பணம் திரட்டி அபார்ட்மென்ட் வளாகங்கள் வாங்கும் ஆஷ்கிராஃப்ட் கேபிடலை நிறுவியவர்களில் ஒருவர். அஃபோர்ட் எனிதிங் நடத்தும் பவுலா பேன்ட் பாடத்திட்டம் விற்கிறார், வீடு விற்பதில்லை. இதில் எதையும் குற்றம் என்று சொல்லவரவில்லை. கடைக்காரர் தன் சரக்கைப் புகழத்தான் செய்வார். அது எந்தச் சரக்கு என்று நமக்குத் தெரிந்திருந்தால் போதும்.

இனி, புதிதாகத் தொடங்குகிறவர் எதில் தொடங்குவது? பிக்கர்பாக்கெட்ஸின் முதன்மை நிகழ்ச்சியில் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆயிரம் எபிசோடுகளைத் தாண்டிய நிகழ்ச்சி அது. நடத்துகிறவர்கள் மாறிக்கொண்டே வந்திருக்கிறார்கள். பிராண்டன் டர்னர் காலத்து உற்சாகம் வேறு, இப்போது டேவ் மேயரின் நிதானம் வேறு. எங்கே நுழைந்தாலும் பாதிப் படத்தில் போய் உட்கார்ந்தது போலிருக்கும். அதே நிறுவனத்தின் ரியல் எஸ்டேட் ரூக்கி பரவாயில்லை. ஆஷ்லி கெரும் டோனி ராபின்சனும் நடத்துகிறார்கள். விருந்தினர்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு வீடு வாங்கியவர்கள். வங்கி எந்த ஆவணத்தைக் கேட்டது, எந்த இடத்தில் கை நடுங்கியது என்பதெல்லாம் அவர்களுக்கு இன்னும் மறக்கவில்லை. நேயர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் எபிசோடுகள் இன்னும் நல்லவை. வாடகைக்காரர் நாய் வளர்க்கலாமா, எல்எல்சி நிறுவனம் ஆரம்பித்துவிட்டுத்தான் வாங்க வேண்டுமா என்று நாம் கேட்கக் கூச்சப்படுகிற கேள்விகளை அங்கே வேறு யாராவது கேட்டிருப்பார்கள்.

ஆனால் ஒன்றை மட்டும்தான் கேட்க முடியும் என்றால் டேன் லேனின் ரென்டல் இன்கம் பாட்காஸ்ட்டைச் சொல்வேன். சிறிய நிகழ்ச்சி, ஆர்ப்பாட்டம் கிடையாது. ஒரு எபிசோடுக்கு ஒரு வீட்டுக்காரர். எவ்வளவுக்கு வாங்கினீர்கள், பழுதுபார்க்க எவ்வளவு ஆனது, வாடகை எவ்வளவு, கையில் என்ன நிற்கிறது என்று நேராகக் கேட்டுவிடுகிறார். பத்து எபிசோடு கேட்டால் பத்து ஊர்களின் கணக்கு காதில் விழுந்துவிடும். எந்த எண் இயல்பானது, எது வீம்புக்குச் சொல்வது என்று தானாகவே பிடிபடத் தொடங்கும். சாட் கார்சனையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். தென் கரோலினாவின் கிளெம்சன் என்ற கல்லூரி ஊரில் மாணவர்களுக்கு வீடு வாடகைக்கு விட்டு வளர்ந்தவர். சில வீடுகள் போதும், அவற்றின் கடனையும் அடைத்துவிடு, மிச்ச நேரத்தில் வாழ் என்பது அவர் கட்சி. நம் வீடுகளில் பெரியவர்கள் பேசுவதற்கு மிக நெருக்கமாக இருப்பதாலேயே அது கொஞ்சம் எச்சரிக்கையோடு கேட்க வேண்டியது: வட்டி குறைவாக நிலைத்திருக்கும் முப்பது வருடக் கடனை அவசரமாக அடைப்பது எல்லோருக்கும் லாபமில்லை.

கணக்குக்கு வருவோம். கேட்கிற எபிசோடு நல்லதா என்று சோதிக்க எளிய வழி உண்டு. வாங்கிய விலை, பழுதுபார்த்த செலவு, கடனின் வட்டி, வாடகை, இவற்றோடு சொத்து வரி, காப்பீடு, வீடு காலியாகக் கிடந்த மாதங்கள். இவ்வளவும் விருந்தினர் வாயிலிருந்து வந்தால் முழுசாகக் கேளுங்கள். அவர் 'என்னிடம் நூறு டோர்ஸ் இருக்கிறது' என்று மட்டும் சொன்னால் கவனம் தேவை. டோர் என்றால் ஒரு வாடகைப் பகுதி. பிறர் பணத்தில் வாங்கிய வளாகத்தில் இரண்டு சதவீதப் பங்கு வைத்திருப்பவரும் நூறு டோர்ஸ் என்று சொல்லிக்கொள்ளலாம். 'டோருக்கு மாதம் 200 டாலர் கையில் நிற்கிறது' என்பது இன்னொரு பிரபலமான வாக்கியம். ஒரே ஒரு தடவை கூரை மாற்ற 10,000 டாலர் ஆனால் ஐம்பது மாத லாபம் அதிலேயே போய்விடும். அந்தக் கூரையைப் பற்றி நிகழ்ச்சி நடத்துகிறவர் கேட்டாரா என்பதுதான் விஷயம்.

எபிசோடு வெளிவந்த தேதியைப் பார்க்காமல் கேட்கவே கூடாது. புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். நல்ல எபிசோடு என்று ஒருவர் பரிந்துரைப்பது 2021இல் பதிவானதாக இருக்கும். வீட்டுக் கடன் நிறுவனமான ஃப்ரெடி மேக் வெளியிடும் முப்பது வருடக் கடனின் சராசரி வட்டி 2021 ஜனவரியில் 2.65 சதவீதம். 2023 அக்டோபரில் 7.79 சதவீதம். 3,00,000 டாலர் கடனுக்கு மாதத் தவணை முதல் வட்டியில் சுமார் 1,209 டாலர், இரண்டாவதில் சுமார் 2,158. வாடகை வீட்டுக்கு வாங்கும் கடனில் வட்டி இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். இந்த 950 டாலர் வித்தியாசம் அன்றைய வெற்றிக் கதைகளில் பாதியை இல்லாமலாக்கிவிடும். வாங்கு, பழுதுபார், வாடகைக்கு விடு, மறுகடன் வாங்கு, திரும்பச் செய் என்ற பிஆர்ஆர்ஆர்ஆர் உத்தி அந்தக் காலத்தில் அவ்வளவு இனித்ததற்கு மறுகடன் மலிவாகக் கிடைத்ததும் முக்கியக் காரணம். ஏர்பிஎன்பி எபிசோடுகளும் அப்படித்தான். நியூயார்க் நகரம் 2023 செப்டம்பரில் குறுகிய கால வாடகைச் சட்டத்தை அமல்படுத்திய பிறகு, முப்பது நாளுக்குக் குறைவாக முழு வீட்டை வாடகைக்கு விடும் கதையெல்லாம் அந்த ஊரில் முடிந்துபோனது.

விசாவில் இருக்கும் நம்மவர்களுக்குத் தேதி இன்னும் முக்கியம். இந்த நிகழ்ச்சிகள் எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வரும் அறிவுரை 'ஹவுஸ் ஹேக்கிங்'. நான்கு பகுதிகள் வரை உள்ள கட்டடம் ஒன்றை எஃப்ஹெச்ஏ என்ற அரசு காப்பீட்டுக் கடனில் 3.5 சதவீத முன்பணம் கட்டி வாங்கு. ஒன்றில் நீ குடியிரு, மற்றவற்றை வாடகைக்கு விடு என்பார்கள். அருமையான யோசனைதான். ஆனால் 2025 மே இறுதியிலிருந்து நிரந்தரக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு எஃப்ஹெச்ஏ கடன் கிடையாது என்று அமெரிக்க வீட்டுவசதித் துறை முடிவெடுத்துவிட்டது. ஹெச்-1பி விசாவில் இருப்பவர் அதற்கு முந்தைய எபிசோடைக் கேட்டுவிட்டுக் கனவு கண்டால் வங்கி வாசலில்தான் விழிப்பு வரும். அவர், வீட்டுக் கடன்களை வங்கிகளிடமிருந்து வாங்கும் ஃபேனி மே நிறுவனத்தின் விதிகளின்படி தரப்படும் வழக்கமான கடன்களைப் பார்க்க வேண்டும். தானே குடியிருக்கும் இரண்டு முதல் நான்கு பகுதிக் கட்டடத்துக்கு 2023 நவம்பரிலிருந்து 5 சதவீத முன்பணம் போதும் என்று அங்கே விதி தளர்ந்திருக்கிறது. வாங்கிப் பழுதுபார்த்து விற்பதையே தொழிலாக நடத்துவது அந்த விசாவோடு ஒத்துப்போகுமா என்பதைக் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்க வேண்டும். பாட்காஸ்ட்டுகள் அமெரிக்கக் குடிமக்களை மனத்தில் வைத்துப் பேசுபவை; இந்தக் கேள்வியே அவற்றில் எழுவதில்லை.

சிண்டிகேஷன் பற்றிப் பேசும் நிகழ்ச்சிகளை முதல் வருடம் தள்ளிவையுங்கள். பலர் பணம் போட, ஒருவர் அபார்ட்மென்ட் வளாகம் வாங்கி நடத்துகிற ஏற்பாடு அது. நமது ஐடி நண்பர்களுக்கும் மருத்துவர்களுக்கும் வாட்ஸ்அப் வழியாக இதில் சேரச் சொல்லும் அழைப்புகள் நிறையவே வருகின்றன. இவற்றில் பலவற்றில் சேர, ஆண்டு வருமானம் தனியாளுக்கு 2,00,000 டாலருக்கு மேல், அல்லது குடியிருக்கும் வீடு நீங்கலாக 10 லட்சம் டாலருக்கு மேல் சொத்து என்ற தகுதி வேண்டும். தகுதி இருப்பதாலேயே விவரம் தெரிந்தவர் என்றாகிவிடாது. மாறும் வட்டியில் கடன் வாங்கி வளாகங்களை வாங்கிக் குவித்தவர்கள், வட்டி ஏறியதும் திண்டாடினார்கள். 2023 ஏப்ரலில் ஹூஸ்டனில் ஒரே நிறுவனத்தின் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்புகள் கடன் கொடுத்தவர் கைக்குப் போயின. பணம் போட்டவர்களின் முதல் நாசமானது. இப்படிப்பட்ட நிறுவனங்களை நடத்துகிறவர்கள் நல்ல காலத்தில் பாட்காஸ்ட்டுகளில் மணிக்கணக்கில் பேசுவார்கள். தோற்ற பிறகு அவர்களை யாரும் பேட்டிக்குக் கூப்பிடுவதில்லை.

சந்தைச் செய்திக்கு டேவ் மேயரின் ஆன் தி மார்க்கெட் போதும். வாரம் ஒன்று கேட்டால் நிறைவு. அதற்கு மேல் கேட்பது பொழுதுபோக்கு. பவுலா பேன்டை வேறு காரணத்துக்காகக் கேட்க வேண்டும்: வீடு, பங்குச் சந்தை, ஓய்வுக்காலச் சேமிப்பு மூன்றையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவார். நேயர் ஒருவர் வீடு வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்ற விடையும் அங்கே வரக்கூடும்.

சென்னையிலோ கோவையிலோ இருந்துகொண்டு இவற்றைக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் அபிப்பிராயம் கொஞ்சம் கடுமையானது. வாடகைக்காரரைத் தேர்ந்தெடுப்பது, செலவைக் கணக்கெழுதுவது, பேரம் பேசுவது ஆகியவற்றை இந்த நிகழ்ச்சிகளிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மற்றது அநேகமாகப் பயன்படாது. மாத வாடகை விலையில் 1 சதவீதம் வர வேண்டும் என்பது அவர்களின் பிரபலமான விதி. ஒரு கோடி ரூபாய் ஃபிளாட்டுக்கு மாதம் ஒரு லட்சம் வாடகை கேட்டுப் பாருங்கள். அங்கே முப்பது வருடம் அசையாத வட்டி, இங்கே பெரும்பாலும் மாறும் வட்டி. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து பொதுவாக 9 சதவீதம். வாங்கிய சூட்டோடு விற்று லாபம் பார்ப்பது அந்தச் செலவிலேயே அடிபட்டுப்போகும். எல்லாவற்றையும்விடப் பெரிய இடைவெளி, பத்திரம் சரிபார்ப்பு. அமெரிக்காவில் அதை டைட்டில் கம்பெனி பார்த்துக் காப்பீடும் தந்துவிடுவதால் எந்தப் பாட்காஸ்ட்டும் அதில் ஐந்து நிமிடம்கூட நிற்பதில்லை. இங்கே பணம் போவதே மூலப்பத்திரத்திலும் பட்டாவிலும் வாரிசுச் சண்டையிலும்தான்.

உள்ளூர் விஷயத்துக்குத் தமிழில் கேட்பதே மேல். ஆனால் தமிழில் இந்தத் துறையைப் பேசுபவர்களில் பலர் யூடியூபில் மனை காட்டுபவர்கள். வருமானம் எங்கிருந்து என்ற அதே கேள்வியை அவர்களிடமும் கேட்கலாம். ரெரா என்ற 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு செய்ய வேண்டிய திட்டத்துக்கு விளம்பரம் செய்தால் அதில் பதிவு எண் இருந்தாக வேண்டும். வீடியோவில் லேஅவுட்டைச் சுற்றிக் காட்டுபவர் அந்த எண்ணைச் சொல்கிறாரா என்று பாருங்கள். சொன்னால் தமிழ்நாடு ரெரா தளத்தில் தேடி, அதே புரமோட்டர் பெயரும் அதே சர்வே எண்களும் வருகின்றனவா என்று ஒப்பிடுங்கள். வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை தளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். எண் சொல்லாத வீடியோவை முழுசாகப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.