நோயை முந்தும் செய்தி

கப்பலேறிக் கடல் கடப்பவை சரக்குகள் மட்டுமல்ல. நோய்களும் அவற்றுடன் செல்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வங்கத்தினின்று புறப்பட்ட வாந்திபேதி, ஐரோப்பா வரையில் பரவிப் பல்லாயிரவரை மாய்த்தது. அஞ்சிய அரசுகள், வந்த கப்பல்களைத் துறைமுகத்திற்கு வெளியே பல நாள் நிறுத்தி வைத்தன. எவ்வூரில் நோய் உளது என்னும் உறுதியான செய்தி உரிய காலத்தில் கிட்டாமையால், நோயற்ற கப்பல்களும் காத்துக் கிடந்தன. வணிகர் முறையிட்டனர்.

1851-ஆம் ஆண்டில் 12 நாடுகள் பாரிஸ் நகரில் கூடின. ஒவ்வொரு நாடும் ஒரு மருத்துவரையும் ஓர் அரசியல் தூதரையும் அனுப்பியது. ஆறு திங்கள் பேசியும், வாந்திபேதி தொற்றுநோய்தானா என்பதிலேயே அவர்களுக்குள் உடன்பாடு ஏற்படவில்லை. அறியாமை ஒருபுறம், வணிகம் குன்றுமே என்னும் அச்சம் மற்றொரு புறம்.

முதல் உலகப் போருக்குப்பின் தோன்றிய சர்வதேச சங்கம், 1925-இல் சிங்கப்பூரில் ஒரு சுகாதார அலுவலகம் நிறுவியது. அதன் திட்டம் எளியது. கீழை நாட்டுத் துறைமுக அதிகாரிகள், தத்தம் ஊரில் பிளேக், வாந்திபேதி, பெரியம்மை ஆகியவற்றால் எத்துணைப் பேர் வருந்தினர் என்பதை வாரந்தோறும் தந்தியில் தெரிவிப்பர். தந்திக்குச் சொல்லெண்ணிப் பணம் கொடுக்க வேண்டுமாதலின், குறிச்சொற்களை வகுத்துக்கொண்டனர். சிங்கப்பூர் அலுவலர் அச்செய்திகளைத் தொகுத்து, கம்பியில்லாத் தந்தி வாயிலாக எங்கும் பரப்புவர். ஒரு கப்பல் பத்து நாள் ஓடி வரும். அது புறப்பட்ட ஊரின் செய்தியோ அதற்கு முன்னரே வந்து நிற்கும். ஐயத்திற்குரிய கப்பலை மட்டும் சோதித்து, ஏனையவற்றை விட்டுவிடலாம். 1942-இல் சிங்கப்பூர் போரில் வீழ்ந்தபோது இவ்வரிய பணி நின்றது. 1948-இல் தோன்றிய உலக சுகாதார நிறுவனம் பின்னர் இப்பொறுப்பை ஏற்றது.

தந்தி எத்துணை விரைந்தாலும், அனுப்புவோர் மனம் வைத்தாலன்றோ பயன்? 2002 நவம்பரில் தென் சீனத்தில் சார்ஸ் என்னும் நுரையீரல் நோய் தோன்றியது. சீன அரசு அதனை உலக சுகாதார நிறுவனத்திற்கு அறிவித்ததோ 2003 பிப்ரவரியில். அந்நோய் ஹாங்காங் வழியாக விமானமேறிக் கனடா வரையில் சென்றது. 8,000-க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். ஆதலின் 2005-இல் விதிகள் திருத்தப்பட்டன. பன்னாடுகளுக்கும் இடர் தரக்கூடிய நோயெனத் தெளிந்த 24 மணி நேரத்திற்குள் அரசு அறிவித்தல் வேண்டும். அந்நாட்டின் போக்குவரத்தைப் பிற நாடுகள் தேவைக்கு மேல் தடுத்தல் கூடாது.

இவற்றுள் இரண்டாவதே காத்தற்கு அரியது. மீறுவோரைத் தண்டிக்கும் அதிகாரம் உலக சுகாதார நிறுவனத்திற்கு இல்லை. 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்க அறிஞர்கள் கொரோனாக் கிருமியின் புதிய வகையொன்றைக் கண்டனர். அரசு காலந்தாழ்த்தாது உலகிற்கு அறிவித்தது. சில நாட்களுக்குள் பல நாடுகள் அங்கிருந்து வரும் விமானங்களைத் தடுத்தன. கிருமியை விரைந்து கண்டறிந்ததற்காகவே தாங்கள் தண்டிக்கப்படுவதாக அந்நாட்டு அரசு முறையிட்டது.