நகலை எடுத்து வை

வெள்ளிமலை

அன்புள்ள பேத்திக்கு,

பாலஸ்தீன மக்களுக்காகக் கள்ளக்குறிச்சியில் தோழிகளோடு கூட்டம் போடப்போவதாகச் சொன்னாய். போடு கண்ணு. "நமக்கெதுக்கு ஊர் வம்பு?" என்பார்கள். நாடு விடுதலையடைந்த பிறகும் 1976 வரை ஜாகிர்தார்கள் பிடியில் கிடந்த மலை நம்முடையது. மண் பறிபோனவர்களுக்காக நாம் வாய் திறக்காவிட்டால் வேறு யார் திறப்பது?

நாற்பது வருஷம் மனு எழுதிக் கொடுத்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அழுகை மட்டும் மனுவாகாது. யார், எந்த ஊர், என்றைக்கு, என்ன நடந்தது என்று நாலும் அதில் இருக்கணும். பக்கத்துச் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியைப் பார். 1992 ஜூன் 20 அன்று அதிகாரிகள் அங்கே பழங்குடி மக்கள் மீது நடத்திய கொடுமைக்கு 2011இல்தான் தீர்ப்பு வந்தது. குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்துப்போனார்கள். மீதி 215 பேருக்கும் தண்டனை. பாதிக்கப்பட்ட பெண்கள் பத்தொன்பது வருஷமும் சொன்னதையே சொல்லி நின்றார்கள். வெளியூர்க்காரர்கள் பலர் கூட நின்றார்கள். கூட நிற்பது என்றால் அதுதான்.

பட்டா கேட்டு என்னிடம் வரும் ஒரு கிழவி, பழைய ரசீதுகளை பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருப்பாள். 1948இல் விரட்டப்பட்ட பாலஸ்தீனக் குடும்பங்கள் பல இன்னும் வீட்டுச் சாவியை வைத்திருக்கின்றன. இரண்டு துயரமும் ஒன்றல்ல, ஒன்றென்று மேடையில் பேசிவிடாதே. சாட்சியத்தைப் பத்திரப்படுத்தும் கை மட்டும் ஒன்றுதான்.

வாட்ஸ்அப் படத்தை நம்பாதே. காசா என்று நான் ஊரெல்லாம் அனுப்பிய படம் வேறு நாட்டுடையதாம், கூசிப்போனேன். ஒரு பொய் நூறு உண்மையைக் கெடுக்கும். யூதர்களைத் திட்டுகிறவனுக்கு மைக் கொடுக்காதே. பெத்செலம் போன்ற இஸ்ரேலிய மனித உரிமை அமைப்புகளே தங்கள் நாட்டு அரசைக் கேள்வி கேட்கின்றன. 2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேலில் கொல்லப்பட்ட பொதுமக்களைப் பற்றிக் கேட்டால் மழுப்பாமல், அதுவும் குற்றம் என்று சொல். படி ஒன்றாக இருந்தால்தான் அளவை நம்புவார்கள்.

கோஷத்தோடு நிறுத்தாமல் நம் எம்.பி.க்கு மனு எழுதுங்கள். இந்தியா 1974இல் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தையும் 1988இல் பாலஸ்தீன நாட்டையும் அங்கீகரித்தது. பாலஸ்தீனப் பகுதிகளில் இஸ்ரேலின் ஆக்கிரமிப்பு சட்டவிரோதம் என்று சர்வதேச நீதிமன்றம் 2024 ஜூலை 19 அன்று கருத்துரை தந்தது. அதன்படி நம் அரசு என்ன செய்யப்போகிறது என்று கேளுங்கள்.

பதில் உடனே வராது. தேதி போட்டு, ஒப்புகை வாங்கி, நகலை எடுத்து வை. அடுத்த மனு அதிலிருந்துதான் தொடங்கும்.

அன்புடன்,
தாத்தா